பச்சை பெல்ட்டில் அடங்கிய துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போகிறவன் எதைப் பார்த்து வாங்குவான்? குறி தப்பாமல் சுடுமா, எத்தனை குண்டு பிடிக்கும் என்றுதான் பார்ப்பான். நான் என் இடுப்பைப் பார்த்து வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எனக்கு ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் என் மாமனார் சாவதற்கு முன் ஒரு துண்டு நிலத்தை என் மனைவி பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, அது பொறுக்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படி சொல்லியிருக்கிறான்: "அந்த வரப்புல மாமா கால வெச்சாருன்னா, அந்தக் கால் அவர்து இல்ல."

இந்தச் செய்தி அடுத்த பஸ்சிலேயே எனக்கு வந்து சேர்ந்தது. கேட்டுவிட்டு, "அப்ப செருப்பு செலவு பாதி மிச்சம்" என்றேன். மில்லே சிரித்தது. எல்லாவற்றுக்கும் சிரிக்கவைக்கிறவன் எதற்கும் பயப்படமாட்டான் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. அன்று முழுக்க நான் காலைத் தடவிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

லைசென்சுக்கு மனுப் போட்டேன். எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வராத காலம். எல்லாவற்றுக்கும் வேலூருக்குத்தான் போகவேண்டும். மில் பணத்துக்குப் பாதுகாப்பு என்று எழுதினேன். மச்சானுக்குப் பயந்து கேட்கிறேன் என்று எழுத ஒரு மாதிரியாக இருந்தது. நடையாய் நடந்து, போலீஸ் விசாரித்து, ஒருவழியாகக் கிடைத்தது. மெட்ராசுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் மேஜை மேல் துணியை விரித்து மூன்றை வைத்தார். மூன்றும் பழைய சீமைச் சரக்கு.

"கைல புடிச்சுப் பாருங்க சார். கை சொல்லும்."

முதலில் ஒரு ரிவால்வர். பிடி கைக்கு நிறைவாகத்தான் இருந்தது, ஆனால் படிக்கல்லைத் தூக்கியதுபோல மணிக்கட்டு தொங்கியது. "இத எங்க வெச்சுக்கறது?" என்று கேட்டேன்.

"பேண்ட்ல பெல்ட் போட்டு, உறைல."

"நான் வேட்டி கட்டறவன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரன் துப்பாக்கி செய்யும்போது வேட்டியை நினைத்தே பார்க்கவில்லை. இடுப்பில் செருகிப் பார்த்தேன். வேட்டி இறங்கிவிட்டது. மச்சான் எதிரே வரும்போது ஒரு கையில் ரிவால்வர், மறு கையில் வேட்டி என்று நிற்க முடியாது.

இரண்டாவது பிஸ்டல். தட்டையானது, பார்க்க லட்சணமானது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் தொப்பையில் முனை குத்தியது. சாப்பிட உட்கார்ந்தால் கழற்றி வைக்கவேண்டும். அவன் சாப்பாட்டு நேரத்தில் வந்தால்?

மூன்றாவது மூக்குப்பொடி டப்பியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளங்கையில் உட்கார்ந்தது, சுண்டுவிரலுக்குத்தான் பிடியில் இடமில்லை, வெளியே தொங்கியது. சட்டையைத் தூக்கி, வேட்டி மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பையில் போட்டுப் பட்டனை அழுத்தினேன். டப்பென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் என் மனசில் முடிவாகிவிட்டது.

"சார், இது ரொம்ப கிட்டக்க வந்தாதான் ஆவும்" என்றார் கடைக்காரர்.

"என் மச்சான் கிட்டக்க வந்துதான் பேசுவான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஊருக்கு வந்ததும் மனைவி பார்த்தாள். "இதால எந்தம்பிய சுடப் போறீங்களா?"

"சுடறதுக்கு இல்லடி. சும்மா வெச்சுக்கறதுக்கு."

"சும்மா வெச்சுக்க ஒரு வெத்தலப்பொட்டி வாங்கியிருக்கலாமே."

மச்சானுக்கும் செய்தி போயிற்று. சந்தைக்குக்கூட டவுனுக்கு வருவதை நிறுத்திவிட்டான். எனக்குக் கொஞ்சநாள் நடையே மாறிவிட்டது.

அப்புறம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். மனைவி ஆள் அனுப்பினாள். பதில் வந்தது: "மாமா இடுப்புல அது இருக்கற வரைக்கும் அந்தத் தெருவுல நான் கால் வைக்க மாட்டேன்."

"அத வித்துத் தொலைங்க. அவன் வந்தாதான் பொண்ணுக்கு மாலை" என்று மனைவி அழுதாள். முதலில் அவன் சொன்ன வார்த்தையை அவன் எடுக்கட்டும் என்றேன். வீம்பு என்று அவள் நினைத்தாள். வீம்பு இல்லை, அதைவிடக் கேவலமானது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நானும் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டேஷனில் தந்த ரசீதை அதே பையில் போட்டுப் பட்டனை அழுத்தி, அதைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். என் இடுப்பு காலி என்று ஊருக்கே தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் மில் கேட்டைத் திறந்துகொண்டு அவன் வந்தான். அக்குளில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, நீளமாக. அவ்வளவுதான் பார்த்தேன். மூட்டை அடுக்கும் குடோனுக்குள் பாய்ந்து உள்தாழ்ப்பாள் போட்டேன்.

"மாமா, நாந்தான்" என்றான் வெளியே.

"அதான் தெரியுதே!"

"கதவத் தொறங்க."

"கைல என்ன?"

"வந்து பாருங்க மாமா. அது ஸ்டேஷன்ல இருக்குதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். இப்ப வராம எப்ப வர்றது?"

என் காதில் அது எப்படி விழும்? "கொல்ல வந்துட்டான்! யாராவது போலீச கூப்புடுங்கடா!" என்று மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கத்தினேன். மில் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி மச்சானிடம் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் சிரிக்கவைத்ததற்குக் கூலி.

சிரிப்பு அடங்கியபின் வெளியே வந்தேன். அவன் இல்லை.

எடைபோடுகிறவர் சொன்னார்: "பட்டுப்புடவைங்க. மாமன் சீர். தாம்பாளம் இருந்தா குடுங்க, வெச்சுத் தரேன்னு கேட்டாரு. நீங்க கத்தினதும் பிரிச்ச துண்ட மறுபடி சுத்திக்கினாரு. கொல்ல வந்தவன் குடுக்கற புடவைய பாப்பா கட்ட வாணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மனைவியின் பெரியப்பா மகன் ஒருவரைப் பிடித்துவந்து மாலை போடவைத்தோம். நல்ல மனிதர், மகளின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். மகள் மணவறையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கினேன். ஆயுத பூஜைக்கு மனைவி தராசுக்கும் செக்குக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள், கதவுத் தாழ்ப்பாளுக்குக்கூட வைப்பாள். துப்பாக்கியை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். இன்றுவரை ஒரு குண்டுகூட அதிலிருந்து போனதில்லை. உள்ளங்கையில் வைத்தால் இப்போதும் அப்படியே உட்காருகிறது. கடையில் என் கை பொய் சொல்லவில்லை.

நிலம் முள் மண்டிக் கிடக்கிறது. அந்த வரப்பில் நான் கால் வைக்கவில்லை. என் தெருவில் அவன் கால் வைக்கவில்லை. இரண்டு பேர் கால்களும் பத்திரமாக இருக்கின்றன.