யூனியிலிருந்து காலேஜுக்கு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், இலையில் சோறு விழும் முன்பே பக்கத்து மேசைக்காரர் கேட்டுவிடுவார்: "பொண்ணு எந்த யூனி, அங்கிள்?" பெண்ணின் பெயரைக் கேட்கமாட்டார். யூனி என்றால் பல்கலைக்கழகம். இந்த மலாய் நாட்டுத் தமிழருக்குப் பிள்ளைகளின் முழு விலாசமும் அதுதான்.

என் மகள் தர்ஷினி, கணக்கியல் படித்த அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டு 'கோலேஜ் கொமுனிட்டி' எனப்படும் சமூகக் கல்லூரிக்குப் போனது சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. தேதிகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். "சுவிட்ச் போட்டா லைட் எரியணும்பா. நான் படிக்கிறதுல எதுவுமே எரியல," என்றாள். இப்போது மின்கம்பி பொருத்தும் வேலை கற்கிறாள். அவளுடைய இடத்தைப் பல்கலைக்கழகம் ஓராண்டு பிடித்து வைத்திருந்தது. அதற்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

அந்த வாரமே கிள்ளானிலிருந்து என் மனைவியின் அண்ணன் சேகர் வந்தார். இழவு வீட்டுக்கு வந்தவர்போல வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னா மச்சான், யூனிய விட்டுட்டு கோலேஜா? அது பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளைங்க போற எடம் லா."

"மாமா, உங்க வீட்டு ஃபேன் தானாவா சுத்துது?" என்றாள் தர்ஷினி உள்ளிருந்து.

"வாய் மட்டும் யூனி லெவல்ல இருக்கு."

சேகரின் தாத்தா இதே பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளம் போட்டவர். இந்தப் பேட்டையின் பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. கையில் மண் ஒட்டியவர்கள் உண்டாக்கிய இடத்தில், பேரப்பிள்ளைகளுக்குக் கைவேலை என்றால் இளக்காரம். சேகரின் வரவேற்பறையில் மூத்த மகனின் பட்டமளிப்புப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே சோபாவில் அந்தப் பட்டதாரி பகல் முழுதும் கைபேசியோடு படுத்திருக்கிறான். அவனுக்காக யாரும் துக்கம் விசாரிக்கப் போவதில்லை.

இந்தியாவில் என் ஊர்க்காரர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்களில்லை. விருதுநகரில் நான் படித்த நாட்களில் காலேஜ்தான் உச்சம். பல்கலைக்கழகம் என்பது எங்கோ இருந்துகொண்டு மதிப்பெண் பட்டியல் அனுப்பும் கட்டடம்; அதன் வாசலை நான் பார்த்ததே இல்லை. எனவே, தர்ஷினி காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று தொலைபேசியில் சொன்னதும் சித்தப்பா பூரித்துப்போனார்.

"அப்பாடா! இப்பவாச்சும் காலேஜுல சேத்தியே. என்ன குரூப்பு?"

"எலக்ட்ரிக்கல்."

"அப்ப இன்ஜினியரு! இருடா, தெரு பூரா சொல்லிட்டு வாரேன்."

நான் திருத்தவில்லை. ஒரே பெண், ஒரே படிப்பு. கிள்ளானில் ஒப்பாரி, விருதுநகரில் லட்டு. அவள் என்ன கற்கிறாள் என்று இரண்டு கூட்டத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்த மாதம் ஓராண்டு முடிந்தது. இருவரும் பல்கலைக்கழகம் போனோம். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மாள் கேட்டார்: "பெர்ஹெந்தி? தங்கு லாகி?"

பெர்ஹெந்தி என்றால் விலகுவது, அது தெரியும். அடுத்த சொல் என் காதில் தமிழாகவே விழுந்தது. படிப்புக்குத் திரும்பி இங்கேயே தங்கச் சொல்கிறார் என்று நினைத்து, "யெஸ், யெஸ், தங்கு!" என்றேன்.

தர்ஷினி சிரித்துவிட்டாள். "ஐயோ அப்பா, மலாய்ல தங்கு லாகின்னா இன்னும் தள்ளிப் போடுறது. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்ப திரும்பி வரமாட்டியா?"

"வரமாட்டேன்னு சொல்லலப்பா. இப்ப வரலன்னுதான் சொல்றேன்."

அம்மாள் அடையாள அட்டை கேட்டார். தர்ஷினி தன் நீல அட்டையை வைத்தாள். அவள் இந்நாட்டுக் குடிமகள். பழக்க தோஷத்தில் நானும் என்னுடையதை நீட்டினேன். அது சிவப்பு, நிரந்தரவாசிக்கு உரியது. இந்தியக் கடவுச்சீட்டை விடவும் மனமில்லை, ஊருக்குத் திரும்பவும் இல்லை. எப்போது வருகிறாய் என்று அங்கிருந்து யார் கேட்டாலும், மகள் சற்றுமுன் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக நானும் சொல்லி வருகிறேன்.

அம்மாள் நீல அட்டையை எடுத்துக்கொண்டு, மலாயில் ஏதோ சொல்லிச் சிவப்பை என் பக்கம் தள்ளினார். "அங்கிளோட கார்டு வேணாமாம்பா," என்றாள் மகள்.