மஞ்சள் துணியில் முடிந்திருந்த மண்

ஊறவைத்த கருவேலம் பிசினுக்கு லேசான புளிப்பு வாசம் உண்டு. அதில் சலித்த செம்மண்ணைக் கொட்டிக் கலக்கும்போது மழை விழுந்த தரையின் வாசமும் சேர்ந்துகொள்ளும்...

இன்று அது திடீரென்று ஞாபகம் வந்ததற்குக் காரணம் யாழினியின் டாக்டர்.

என் மகள் யாழினி மாதம் நிறையும் முன்பே பிறந்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தொடவும் பயந்து பார்த்த பிள்ளை. நுரையீரலில் பலமில்லை, தூசி ஆகாது என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பயம். இப்போது ஒன்றரை வயது. அவள் பாதம் இன்னும் மண்ணில் பட்டதில்லை.

இன்று செக்கப்பில் டாக்டர் சொன்னார். "நுரையீரல் நல்லா இருக்கும்மா. கீழ விடுங்க, மண்ணுல வெளையாடட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, முதல் வேலையாக வெட் வைப்ஸ் இன்னொரு பாக்கெட் வாங்கினேன்.

இதே நான்தான் ஒரு காலத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை மொத்தமாக மண்ணில் இறக்கிவிட்டவள்...

ஓவியக் கல்லூரி முடித்த கையோடு இலுப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. முதல் வகுப்பில் உங்கள் ஊரை வரையுங்கள் என்றேன். எல்லா நோட்டிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஓடும் ஆறு. அந்த ஊரில் ஆறும் இல்லை, அப்படி மலையும் இல்லை. சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் கலக்கமாக இருந்தது. கல்லூரியில் நானும் பார்க்காததைத்தானே வரைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு வல்லத்திராக்கோட்டை. அங்கிருந்து டவுன் வந்து பஸ் மாறி இலுப்பூர் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மண் நிறம் மாறிக்கொண்டே வரும். சாம்பல், மஞ்சள், துரு, அப்புறம் ரத்தச் சிவப்பு. ஒருநாள் பஸ்ஸில் வைத்தே தோன்றியது, இதைவிட என்ன கலர் பாக்ஸ் வேண்டும்?

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிசின் கலந்தால் பெயின்ட். கொட்டாங்குச்சிதான் கிண்ணம். வீட்டுப் பக்கமிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவாருங்கள் என்றேன்.

கண்மாய் வண்டல் வந்தது, புற்றுமண் வந்தது, செங்கல் சூளை மண்ணும் வந்தது. ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டு, "பாடம் நடத்தச் சொன்னா பள்ளிக்கூடத்துக்குள்ள வீடு கட்டப் போறீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறாம் வகுப்பு தீபிகா மட்டும் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். அடர்ந்த சிவப்பு, எதைக் கலந்தாலும் கிடைக்காத நிறம். கண்மாய்க் கரைக்குப் போய் உட்கார்ந்து அங்கிருந்த மருத மரத்தை வரைந்தாள். வேரில் ஆரம்பித்துக் கடைசி இலைவரை அந்த ஒரே மண்.

மறுநாள் அவள் அம்மா வந்து வகுப்பு வாசலில் நின்றார். தீபிகா பெஞ்சுக்கடியில் குனிந்துகொண்டாள்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது, அது குலசாமி கோயிலில் எடுத்த பிடிமண். தீபிகாவின் அப்பா சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது எடுத்தது. பாதி அவர் பெட்டியில், பாதி வீட்டுச் சாமி மாடத்தில். அவர் நல்லபடியாகத் திரும்பியதும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கோயிலில் கொண்டுபோய்ப் போடுவதாக வேண்டுதல். பிள்ளை, வீட்டிலேயே நல்ல மண் அதுதான் என்று எடுத்து வந்திருக்கிறது. அதைவிடக் கொடுமை, கொஞ்ச நாளாக அவரிடமிருந்து போன் வரவில்லை.

படத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் விரல் நுனியால் மரத்தின் அடியை மெல்லத் தடவினார்.

"இது உதுந்துராதா டீச்சர்?"

"பிசின் போட்டிருக்குக்கா. உதிராது."

"கொட்டாங்குச்சில ஒட்டிக்கிட்டு இருக்கறது?"

அதையும் கொடுத்தேன். முந்தானையால் மூடிக்கொண்டார். வாசல் தாண்டும்போதுதான் திரும்பினார்.

"அவரு போன் பண்ணி மண்ணு பத்தரமான்னு கேட்டா, மரமா மொளைச்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன். வேற என்ன சொல்ல?"

சிரித்த மாதிரிதான் இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

போன் வந்துவிட்டது என்று அந்த வாரமே தீபிகா ஓடிவந்து சொன்னாள். அடுத்த வருடம் அவள் அப்பா வந்தபோது, பெட்டியிலிருந்த பாதி மண்ணோடு அந்தப் படத்தையும் கோயிலுக்குக் கொண்டுபோனார்களாம்.

அப்போது எனக்கு அது பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சம்பவம், அவ்வளவுதான். அந்த அம்மாவின் பயம் எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது. கடல் தாண்டிப் போன ஒரு உயிருக்குக் காவலாக இருந்தது ஒரு பிடி மண். பிள்ளை அதைக் கரைத்துவிட்டது. அப்படியும் பிள்ளை மேல் அவர் கை ஓங்கவில்லை...

அன்று என் நகக்கண்ணில் எப்போதும் செம்மண் இருக்கும். பஸ் கண்டக்டர்கூடக் கேலி செய்வார். இன்று என் கையில் சானிடைசர் வாசம். யாழினி பிறந்த பிறகு பிரஷ்ஷைத் தொடவில்லை. மாடி வீட்டில் மண் என்று இருப்பது செம்மண் போட்ட ஒரு செம்பருத்தித் தொட்டிதான். அதையும் அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தேன்.

சாயங்காலம் அதை இறக்கினேன்.

ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டுவிடுவாளோ, மூச்சு இழுக்குமோ என்று வெட் வைப்ஸை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மூடினாள், திறந்தாள். அப்புறம் எழுந்து நடந்துபோய் வெள்ளைச் சுவரில் கையை வைத்து இழுத்தாள்.

ஒரு சிவப்புக் கோடு.

வெட் வைப்ஸ் என் கையில்தான் இருந்தது. பயம் எங்கேயும் போய்விடவில்லை, அவள் தூங்கும்போது இப்போதும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை நான் துடைக்கவில்லை.

பிசின் போடாத மண், காற்று அடித்தால் உதிர்ந்துவிடும். காலையில் ஜன்னலைத் திறக்கும் முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.