மத்தியானம் நிறைந்த கிணறு

போன வாரம் கைப்பேசிக்கு, மாடித் தொட்டி நிறைந்துவிட்டது என்று சேதி வந்தது. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. சோப்பு நுரையோடு நின்றபடி சிரித்துவிட்டேன். இந்தப் பொய்யை நாற்பது வருடத்துக்கு முன்பே சொல்ல வைத்தவன் நான்.

அப்போது தருமபுரியில் நானும் கரீமும் கூட்டாக ரேடியோ கடை வைத்திருந்தோம். டிப்ளமோ என்னுடையது, கைவேலை அவனுடையது. பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருந்த கோவிந்தம்மாக்கா ஒருநாள் வந்தார். கிணறு தோட்டத்தின் அந்தக் கோடியில். மோட்டார் சுவிட்சு வீட்டில். தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டி, மோட்டார் இரண்டு தடவை புகைந்திருந்தது.

"இன்னொருக்கா பொகைஞ்சா தக்காளி மொத்தமும் காஞ்சிருங்க தம்பி. வூட்டுல இருந்தே கெணத்துத் தண்ணி தெரியணும்" என்றார்.

மிதவையோடு ரேடியோவின் வால்யூம் குமிழைக் கட்டி, தண்ணீர் மட்டத்தை வோல்டேஜாக்கினோம். ஆனால் அத்தனை நீளக் கம்பியில் வோல்டேஜ் வழியிலேயே இளைத்துவிடும். அதையே கரண்டாக மாற்றி அனுப்பினால் கிளம்பிய அளவு அப்படியே வீட்டில் மாட்டிய மீட்டர் முள்ளுக்கு வந்து சேரும். அப்படி மாற்ற ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட் வரைந்தேன். அந்தத் தாளை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பழைய ரேடியோவுல கழட்டின ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வேணாம்டா, சூடு தாங்காது" என்றான் கரீம்.

"கணக்குப் போட்டிருக்கேன்" என்றேன்.

கணக்கைப் போட்டது மின்விசிறிக்கடியில். சர்க்யூட்டை வைத்தது சித்திரை வெயிலில், கிணற்றடித் தகரப் பெட்டிக்குள்.

மூன்றாம் நாள் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். "காலைல கால் கெணறு காட்டுச்சுங்க, எறைச்சு முடிச்சேன். மத்தியானம் பாத்தா ரொம்பி வழியுது! சுச்சுல கை வெச்சுட்டேன். என்னமோ தோணி ஓடிப்போய் எட்டிப் பாத்தா, சேத்துல தவள ஒக்காந்திருக்கு!"

கரீம் சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் எதையோ தேடினான். சூடேறினால் ஜெர்மானியம் தன் பாட்டுக்குக் கரண்டைக் கசியவிடும். முள் அதையும் தண்ணீர் என்று காட்டியிருக்கிறது. எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் போய், சூடு தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டராக மாற்றி, பெட்டியைப் புங்கமர நிழலில் கட்டினோம். சோதித்துப் பார்க்காமல் அக்கா விடவில்லை. உச்சி வெயிலில் கிணற்றடியில் நின்று, "கால் கெணறு!" என்று கத்தினார். வீட்டில் முள்ளைப் பார்த்து நானும், "கால் கெணறு!" என்று கத்தினேன். அந்த வருடம் தக்காளி பிழைத்தது.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். அக்காவும் இல்லை, கரீமும் இல்லை. கிணற்றைத் தூர்த்த இடத்தில் போர்வெல் லாரி நின்றது. "ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதாங்க" என்றார் அக்காவின் மகன். என் முள் மத்தியானம் பொய் சொன்னது வாஸ்தவம்தான். காலையில் அது சொல்வதற்கு, நிஜமாகவே கால் கிணறு தண்ணீர் இருந்தது.