நாற்பத்து மூன்று வயதில் ஒரு நட்சத்திரம்

இன்று எங்கள் ஊர் செலண்டாரில் மகளின் பள்ளிக்கு ரிப்போர்ட் கார்டு வாங்கப் போனேன். கணக்குப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை.

டீச்சர் வீட்டுப்பாட நோட்டை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே, ஐயா?"

அரையும் காலும் கூட்டினால் ஆறில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

டீச்சர் திட்டவில்லை. மகளிடம் மார்க்கரைக் கொடுத்தார். "அப்பாவுக்கு நீயே சொல்லிக் குடும்மா." பிறகு குறுக்கே பேசாமல் காத்திருந்தார்.

மகள் பலகையில் பரோட்டா மாதிரி வட்டமாய் ஒரு ரொட்டி சானாய் வரைந்து நான்காகப் பிரித்தாள். "அரைன்னா ரெண்டு துண்டு, கால்னா ஒண்ணு. மொத்தம் எத்தனைப்பா?"

"மூணு."

"அப்ப நாலுல மூணு. அவ்வளவுதான்லா." குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

டீச்சர் அவள் கையில் ஒரு நட்சத்திர முத்திரை குத்தினார், என் கையிலும் ஒன்று.

கை கழுவினால்தான் சோறு என்கிறார் என் வீட்டுக்காரம்மா. நீங்களே சொல்லுங்கள், கழுவுவதா?