கல்வெட்டில் ஏறிய பேச்சு

வழிகாட்டி எழுதுகிறவர்களைப் போல வாய் கூசாமல் அளந்துவிடுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதுதான் என் வேலை. கொக்குவிலில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் நிறுவனங்கள் தங்கள் கருவிகளுக்கு எழுதும் வழிகாட்டிகளை வாசிப்பேன். சொன்னபடியே செய்து பார்த்து, எழுதியிருப்பது விளங்குகிறதா என்று புள்ளி போட்டு அனுப்புவேன்.

அந்த முறை வந்தது வீடியோவில் பேசுவதை எழுத்தாக்கும் கருவி ஒன்றின் தமிழ் வழிகாட்டி. வீடியோவைக் கொடுத்தால் போதுமாம். செயற்கை நுண்ணறிவு முகவர் ஒருவர் தானே கேட்டு, தானே பிரித்து, தானே எழுதிவிடுவாராம். முகவரை நம்பு என்று யாழ்ப்பாணத்தாரிடம் போய் எழுதியிருக்கிறார்கள்! வெளிநாடு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போய் நடுவழியில் கைவிட்ட முகவர்களை நாங்கள் எத்தனை பேர் பார்த்திருப்போம். போதாக்குறைக்கு முதல் பக்கத்திலேயே "உங்கள் இனிய பயணம் தொடங்குகிறது" என்று வேறு இருந்தது. பேச்சை எழுதி எடுப்பதில் என்ன பயணம்?

சோதித்துப் பார்க்க ஒரு வீடியோ தேவைப்பட்டது. இணுவிலில் இருக்கும் அக்கா அந்தக் கிழமைதான் ஓர் உதவி கேட்டிருந்தாள். அவள் கணவர், என் அத்தான், இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கவென்று எல்லோரும் எடுப்பதுபோல, செத்தவீட்டை முழுதாக வீடியோ எடுத்திருந்தார்கள். அதில் உள்ள இரங்கல் உரைகளை எழுதித் தந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் போடலாம் என்றாள். எங்கள் ஊர்களில் அந்தப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர்.

"அவரின்ரை அண்ணை வாற இடம் கட்டாயம் வேணும். மற்றது விடுபட்டாலும் பரவாயில்லை," என்றாள்.

கோயில் திருவிழா உபயத்தை யார் செய்வது என்ற சண்டையில் அத்தானும் அவர் தமையனும் எட்டு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அவர் செத்தவீட்டுக்கு வந்ததே பெரிய காரியம். நான் பந்தல், சவப்பெட்டி என்று ஓடித் திரிந்ததில் ஒருவர் பேசியதையும் கேட்கவில்லை.

கருவி அரைமணி நேரத்துக்குள் எல்லா உரைகளையும் எழுதித் தந்துவிட்டது. அழகான தமிழ், நிறுத்தக்குறி எல்லாம் அதனதன் இடத்தில். வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. என் கவனமெல்லாம் வழிகாட்டியைக் கிழிப்பதில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடினேன். கடைசிப் பக்கத்தில், "ஒலி தெளிவற்ற இடங்களை முகவர் சூழலுக்கேற்ப நிறைவு செய்வார்" என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் என் குறிப்பை எழுதினேன்: "நிரப்புவார் என்று எளிமையாக எழுதலாமே?" அதற்குமேல் அந்த வரியைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. விளக்கத்துக்கு நல்ல புள்ளி கொடுத்தேன். உரைகளை அப்படியே மானிப்பாயில் ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

அந்தியேட்டியன்று கீரிமலையில் கிரியைகள் முடித்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னர் கல்வெட்டைக் கொடுத்தோம். அக்கா குசினி வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இதை ஆர் எழுதினது?"

பார்த்தேன். "என் அருமைத் தம்பி பண்பின் சிகரம். எங்களிடையே எந்நாளும் ஒரு சிறு மனக்கசப்பும் இருந்ததில்லை." அரைப் பக்கத்துக்கு இப்படியே போயிற்று.

"அண்ணை அண்டைக்குக் கதைக்கேல்லை," என்றாள் அக்கா. "மைக்கைப் பிடிச்சவர், தம்பி எண்டவர், பிறகு நிண்டு அழுதவர். அவ்வளவுதான். அழுதவர் எண்டு ஒரு வரி போட்டிருந்தாலே எனக்குக் காணும். எட்டு வருசமா உன்ரை அத்தான் எதிர்பாத்துக்கொண்டிருந்தது அதைத்தானே."

அங்கேயே கைபேசியில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு சொல், பிறகு நீளமான அழுகை, பின்னால் பெண்களின் ஒப்பாரி. அந்த இடத்தைத்தான் முகவர் தெளிவற்ற ஒலி என்று முடிவுகட்டி நிறைவு செய்திருந்தார். பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு அந்த வரிக்குச் சொல் திருத்தம் சொன்ன என் கெட்டித்தனத்தை நினைக்க அருவருப்பாக இருந்தது.

கூடத்தில் அத்தானின் தமையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதே பக்கத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கு உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். மனக்கசப்பே இருந்ததில்லை என்ற இடத்தில் குரலை ஏற்றினார். சண்டையை நன்றாகத் தெரிந்தவர்களும் வெட்கமில்லாமல் தலையாட்டினார்கள்.

"அண்டைக்கு இருந்த நிலையிலை என்ன கதைச்சனான் எண்டு எனக்கே நினைவில்லை," என்றார். "ஆனா நல்லாத்தான் கதைச்சிருக்கிறன், என்ன?"

நான் அக்காவிடம் திரும்பி, எல்லாவற்றையும் திருப்பி வாங்கி அந்தப் பக்கத்தை மாற்றி அடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஆருக்கு?" என்றாள். "அழுதவருக்கே அது மறந்துபோச்சு."