ஐடி கார்டின் கயிறு

மகள் செல்வி சாஃப்ட்வேர் இன்ஜினியர். அவள் அப்பா இறந்ததிலிருந்து எங்கள் ஊர் பரளச்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இப்போது அவள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது.

பழைய லேப்டாப்பையும் ஐடி கார்டையும் வாங்கிப்போக இன்று கூரியர்காரத் தம்பி வந்தார்.

கார்டைக் கொடுத்தேன். அது தொங்கிய கயிற்றை மட்டும் உருவிக்கொண்டேன்.

"கயித்தையும் குடுங்கம்மா."

"மாட்டை வித்தாக்கூட நாங்க கயித்தக் குடுக்க மாட்டோம்யா. குடுத்தா வீட்டு லெச்சுமியும் கூடப் போயிருவா."

"அப்ப ஒங்க மகளையா வித்துட்டாக?"

செல்வியும் சிரித்துவிட்டாள். அவரும் கயிற்றை விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் கேட்டாள், "புது ஆளுக என்னைய வேலையில வச்சுக்கிருவாகளாம்மா?"

வீட்டுக்காரர் போனபின் எங்கள் உழவுமாட்டை வீரசோழன் பக்கம் விற்றோம். முதலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம், பிறகு பழகிக்கொண்டதாம். அதைச் சொல்லித் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அவர் இல்லாத வீட்டுக்கு நானே இன்னும் பழகவில்லை.

"தெரியலடி, சாப்புட வா" என்றேன்.

மாட்டுக்கயிறு தொங்கும் ஆணியிலேயே இதையும் மாட்டியிருக்கிறேன். மாடு விற்றவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்தக் கயிற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?