மனைவிக்குப் பக்கத்து இடம்

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் பதிவேட்டைப் பார்த்துவந்தவள் அவள். எல்லோருக்கும் 'பதிவு அக்கா'. எந்த வரிசையில் யார், எந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் அவள் மேஜைக் கம்ப்யூட்டரில், ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பழைய மென்பொருளில் இருந்தது.

வாசல் அறைக்குப் புது எழுத்தர் வந்ததும், மேலாளர் அதை நெட்வொர்க்கில் போடச் சொன்னார்.

"வேணாம் சார். ரெண்டு பேர் ஒண்ணா திறந்தா, கடைசியா சேமிக்கிறவங்களோடதுதான் நிக்கும். மத்தவங்க எழுதினது போயிடும்."

"சும்மா பயமுறுத்தாதம்மா."

அவள் மறுபடி சொல்லவில்லை; அந்த வாரமே வாசல் அறைக்கு நெட்வொர்க் கம்பி போனது.

நான்கு மாதம் கழித்து, மனைவியை இழந்த தையல்காரர் ஒருவர் வந்து, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தைத் தனக்காக எழுதிவைத்தார். அக்கா பதிந்து, சீட்டும் அச்சடித்துக் கொடுத்தாள். காலையிலேயே பதிவேட்டைத் திறந்துவைத்திருந்த வாசல் எழுத்தர் மதியம் தன்னுடையதைச் சேமித்தார். தையல்காரர் பெயர் அழிந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் அவர் அதே சீட்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா, என் இடத்துல ஈர மண்ணு கெடக்குதே?"

திரையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மேலாளர் அவள் காதோரம் குனிந்தார்: "சீட்டு தப்பா அச்சாயிடுச்சுன்னு சொல்லிடு."

அவள் எழுந்துபோய்த் தையல்காரர் முன்னால் நின்றாள்.

"சீட்டு சரிதான்யா. எங்க கம்ப்யூட்டர்ல உங்க பேரு அழிஞ்சு, அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன். அவங்களை எடுத்து வேற இடத்துல அடக்கம் பண்ண அனுமதி கேக்கலாம்."

"யாரு அங்க?"

"பிரசவத்துல போன பொண்ணு. இருபத்தாறு வயசு."

அவர் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வேணாம்மா, தூங்கட்டும். என் வீட்டுக்காரிக்கும் பேச்சுத்துணை வேணுமே. அவ கால்மாட்டுல இடம் இருக்கா?"

இருந்தது. முதலில் காகிதத்தில் மையால் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட்டாள்.

அன்றே வாசல் அறைக்குப் போகும் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினாள். "எழுதணும்னா என் மேஜைக்கு வாங்க" என்றாள். மேலாளர் குதித்தார், கம்பியை மாட்ட எழுத்துமூலம் உத்தரவு கொடுங்கள் என்று அவள் கேட்டதும் அடங்கிப்போனார். இரண்டு மாதம் உட்கார்ந்து பழைய சீட்டுப் பிரதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். இன்னும் இரண்டு பெயர்கள் காணாமல் போயிருந்தன. இரண்டு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொன்னாள். ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள்.

மழைக்காலத்தில் தையல்காரர் போய்ச் சேர்ந்தார். மண் மூடி முடியும்வரை அவள் குடையில்லாமல் நின்றாள். மேலாளரும் வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார்.